புகைப்படம் பிடிக்கக் கூடாது

எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும். இந்தத் தொடரை முதலிலிருந்து படித்துவருகிறவர்களுக்கு இது பழைய செய்தி. கல்யாணத்தன்று தாலி கட்டும் நேரத்தில் நான் சிரித்ததையும், போட்டோக்காரர் குழம்பிப்போனதையும் ஏற்கெனவே எழுதிவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும். இல்லையென்றால் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துவிடுவீர்கள்.

அன்று காலை முதலாளியின் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, கைபேசியை அவர் முகத்துக்கு நேராக நீட்டியிருந்தேன். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது. முதலாளி ராஜமாணிக்கம் சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் சிகரெட். அதன் நுனியில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்ற சாம்பல்.

"என்னம்மா பண்றே?"

"ஆதாரம் எடுக்கிறேன் சார். இங்க நீங்க புகை பிடிக்கக் கூடாது. பொறுப்பாளர் நான்."

அவர் கோபப்பட்டிருந்தால் நான் தைரியமாகியிருப்பேன். கோபப்படவில்லை. நிதானமாக ஒரு இழுப்பு இழுத்து, விட்டு, சுவரில் மாட்டியிருந்த புதுப் பலகையைச் சிகரெட்டாலேயே சுட்டிக் காட்டினார்.

"படி."

முந்தின நாள் நான் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு வந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. நீலத்தில் வெள்ளை எழுத்து, முத்து முத்தாக.

'இங்கு புகைப்படம் பிடிக்கக் கூடாது. மீறுவது குற்றம். புகார் செய்ய: கோமதி, அலுவலகம்.'

"இப்ப குத்தம் பண்றது யாரு?" என்றார் முதலாளி. "போனை உள்ள வைம்மா."

வைத்தேன். பிறகு வெளியே ஓடிப்போய்க் குழாயடியில் நின்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். சிரிப்பு முடிந்ததும் அழுகை வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை வெளியே சொல்ல முடியாது என்பதுதான் இந்த வாரக் கதை.

ஏசி ஒன்று, ஆள் இரண்டு

எங்கள் கம்பெனி அரியமங்கலம் தொழிற்பேட்டையில் இருந்தது. தகடு வாங்கி, வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்துப் பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிற இடம். முப்பது பேர் வேலை செய்தார்கள். அதில் இருபத்தொன்பது பேர் இரும்போடு மல்லுக்கட்ட, நான் ஒருத்தி மட்டும் காகிதத்தோடு மல்லுக்கட்டினேன். கடிதம், வருகைப் பதிவு, போன், லாரி வரவில்லை என்றால் லாரிக்காரரைத் திட்டுவது எல்லாம் என் பொறுப்பு.

என் இடமும் முதலாளியின் இடமும் ஒரே அறை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. அது கூரை வரைக்கும் போகாது. ஏசிக் காற்று எனக்கும் வரட்டும் என்று மேலே இரண்டடி விட்டுக் கட்டியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் அந்த இரண்டடி வழியாக ஏசிக் காற்று மட்டுமா வரும்? அவர் ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பார் என்பதை என் தலைமுடியை முகர்ந்தே என் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார்.

அந்த மார்கழியில், எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனியிலிருந்து ஆடிட் வருவதாகக் கடிதம் வந்தது. தீயணைப்பு வாளி, முதலுதவிப் பெட்டி என்று நீண்ட பட்டியல். அதில் ஒரு வரி, புகை பிடிக்கத் தடை என்ற அறிவிப்புப் பலகை, புகார் வாங்கும் பொறுப்பாளரின் பெயரோடு.

நான் எதையும் முழுசாகப் படிக்கும் ரகம். சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பொது இடத்துக்குள் ஆபீஸும் பட்டறையும் வரும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். சாம்பல் கிண்ணம்கூட வைத்திருக்கக் கூடாதாம். முதலாளியிடம் போய் வாசித்துக் காட்டினேன்.

"பொது இடம்னா பஸ் ஸ்டாண்டு. சினிமா தியேட்டர்," என்றார். "இது என் ரூம்மா. என் பேர்ல பட்டா இருக்கு."

"இங்க நானும் வேலை செய்யறேன் சார். அப்ப இது பொதுதான்."

"நீ ஒருத்தி பொதுவா?"

"ஆமா சார். நான்தான் பொது."

அவர் சிரித்துவிட்டார். "சரி, போர்டு வச்சிடு. பொறுப்பாளர் நீயே இரு. ஆடிட்டுக்காரன் வர்ற அன்னிக்கு நான் பிடிக்க மாட்டேன், போதுமா?" என்று கிண்ணத்தில் சாம்பலைத் தட்டினார்.

போதாது. எனக்குப் போதவே போதாது.

மூன்று மாதம் வாயைக் கட்டு

கல்யாணமாகி ஏழாவது வருஷம் அது. அந்த மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால்தான் எனக்கு நாள் தள்ளியிருந்தது.

அதற்கு நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு தடவை இப்படித் தள்ளியபோது, சந்தோஷத்தில் நான் லால்குடிக்கு போன் போட்டுவிட்டேன். அம்மா பக்கத்து வீட்டில் சொல்ல, பக்கத்து வீடு தெருவில் சொல்ல, இரண்டாம் மாதமே ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பிறகு அது தங்கவில்லை. விசாரிக்க வந்த ஒவ்வொருத்தரிடமும் 'தங்கலை' என்று நானே என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தையை எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை.

அதனால் இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று முடிவு. எனக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும், புத்தூர் டாக்டரம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

டாக்டரம்மா கேட்டார், "வீட்டுல யாராவது சிகரெட் பிடிப்பாங்களா?"

"இல்லீங்க டாக்டர்."

"வேலை செய்யற இடத்துல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "சிரிக்காதீங்க. பக்கத்துல ஒருத்தர் விடுற புகை உங்களுக்குள்ளயும்தான் போகும். உங்களுக்குள்ள போனா உள்ள இருக்கறதுக்கும்தான். தள்ளி இருங்க" என்றார்.

எங்கே தள்ளி இருப்பது? வேலையை விட முடியாது. காரணத்தைச் சொன்னால் முதலாளி அந்த நிமிஷமே சிகரெட்டை அணைத்துவிடுவார், அவ்வளவு கெட்டவரில்லை. ஆனால் காரணத்தைச் சொல்ல முடியாது. அப்போதுதான் இந்த ஆடிட் கடிதம் வந்தது. எனக்கு அது ஆடிட் கடிதமாகத் தெரியவில்லை, ரங்கநாதரே தபாலில் போட்டது போலிருந்தது.

லால்குடி பஸ்ஸில் ஒரு தும்மல்

இதற்கு முன்பும் ஒரு தடவை புகையோடு போர் செய்திருக்கிறேன். கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

கல்லூரிக்கு லால்குடியிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு தினமும் பஸ். உள்ளே 'புகை பிடிக்காதீர்' என்று எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே உட்கார்ந்து ஒருவர் தினமும் பீடி பிடிப்பார். வேட்டி மடித்துக் கட்டிய, பார்க்க மரியாதையான மனிதர். கண்டக்டர் சொன்னால், "ஜன்னல் பக்கம்தானே இருக்கேன், வெளியதானே விடறேன்" என்பார். பஸ் ஓடும்போது வெளியே விட்ட புகை அடுத்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

நாங்கள் ஐந்து பெண்கள். ஒரு திட்டம் போட்டோம். அவர் ஒவ்வொரு இழுப்பு இழுக்கும்போதும் ஐந்து பேரும் சேர்ந்து தும்மினோம். முதல் நாள் திரும்பிப் பார்த்தார். இரண்டாம் நாள் முறைத்தார். மூன்றாம் நாள் பஸ்ஸில் பாதிப் பேர் எங்களோடு சேர்ந்து தும்மினார்கள், டிரைவர் உட்பட. நாலாம் நாள் முதல் அவர் வேறு பஸ்ஸில் போனார்.

அன்று ஐந்து பேர் இருந்தோம். அரியமங்கலத்தில் நான் ஒருத்தி. தனியாகத் தும்மினால் ஜலதோஷம் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்.

கை போன போக்கு

பலகை எழுத ஸ்ரீரங்கத்திலிருந்து சேஷாத்ரி மாமாவை ஏற்பாடு செய்தது நான்தான். வாழ்நாள் முழுக்கக் கோவில், மடம், கல்யாண மண்டபம் என்று பலகை எழுதியவர். எழுத்து அவ்வளவு அழகு. எல்லோரும் பிளக்ஸுக்குப் போய்விட்ட காலத்திலும் அவருக்கு வேலை குறையவில்லை.

குழாயடியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு போன் போட்டேன்.

"மாமா, நான் எழுதித் தந்த காகிதத்துல என்ன இருந்துது?"

"புகை பிடிக்கக் கூடாதுன்னு இருந்தது. அதான எழுதியிருக்கேன்?"

"புகைப்படம் பிடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கீங்க மாமா."

"அபசாரம்! அபசாரம்!" என்றார். "க்ஷமிக்கணும்மா. நாப்பது வருஷமா ஸந்நிதி வாசல்ல எழுதற வாசகம். 'புகை'ன்னு ஆரம்பிச்சா கை தானா 'ப்படம்'னு போயிடறது. அடியேன் வந்து அழிச்சு எழுதித் தரேன்."

"எப்ப வரீங்க?"

"இன்னிக்கிப் பகல்பத்து ஆரம்பிச்சாச்சே! பகல்பத்து, ராப்பத்து ரெண்டும் முடியணும். அதுவரைக்கும் பெருமாளை விட்டுட்டு அடியேன் காவேரியைத் தாண்டறதில்லை."

இருபது நாள்! வைகுண்ட ஏகாதசி உற்சவத்தின் மேல் எனக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கோபம் வந்தது. மனசுக்குள் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த நேரத்தில் எந்தத் தெய்வத்தையும் பகைத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை.

முதலாளிக்கு ஒரே குஷி. "மாமா வந்து அழிக்கிற வரைக்கும் போட்டோவுக்குத்தான் தடை. புகைக்கு இல்ல" என்று அறிவித்தார். பட்டறையிலும் செய்தி பரவியது. வெல்டிங் மேஸ்திரி காதர் பாய் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "கோமதிம்மா, நான் போட்டோ எடுக்கலம்மா" என்று தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டினார்.

மேஜை புறப்பாடு

மறுநாள் காலை காதர் பாயைக் கூப்பிட்டு என் மேஜையைத் தூக்கச் சொன்னேன்.

"எங்கம்மா வைக்கணும்?"

"வெளிய. வராந்தாவுல."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது?"

"உங்க ரூம் உங்களுக்கே இருக்கட்டும் சார். நான் வேலை செய்யற இடம் இனிமே வராந்தா. அது மட்டும்தான் பொது இடம்."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவருக்கு ஒரு பில் தேவைப்பட்டது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிகரெட்டும் கையுமாக வராந்தாவுக்கு வந்தார்.

"சார், இது ஆபீஸ்" என்றேன்.

சிகரெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், படியிறங்கி முற்றத்தில் நின்றுகொண்டு பில்லைக் கேட்டார். அன்று மதியமே மேஜையை முற்றத்து வேப்பமரத்தடிக்கு மாற்றினேன். அடுத்த தடவை வந்தபோது அங்கேயும் ஆபீஸ். அவர் லாரி நிற்கும் இடத்துக்குத் தள்ளிப் போனார். மறுநாள் லாரி நிற்கும் இடத்தில் என் மேஜை.

மேஜை தூக்கித் தூக்கிக் காதர் பாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "கோமதிம்மா, கடைசியா எங்க போறதா உத்தேசம்? சொன்னீங்கன்னா நேரா அங்கயே கொண்டு போய் வச்சிடுறேன்" என்றார்.

வேலை செய்கிற ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் லாரி டிரைவர் ஒருவர், கேட்டில் நுழைந்ததுமே மேஜையோடு என்னைப் பார்த்துவிட்டு, இது ஏதோ புது செக்போஸ்ட் என்று நினைத்து இறங்கிவந்து கும்பிட்டார்.

எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் சிரிப்புதான். ஆனால் என் சிரிப்பு எந்த வகை என்று உங்களுக்கு இப்போது தெரியும். ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்ததும், இன்றைக்கும் இருக்கிறாயா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

பத்தொன்பது நாள்

ஆறாம் நாள் மேஜை கேட்டருகே வாட்ச்மேன் கொட்டகைப் பக்கம் வந்துவிட்டது. முதலாளி கேட்டுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் நின்றார். அதற்கு மேல் தள்ளினால் தஞ்சாவூர்தான். நடுவில் கேட் கம்பி. அந்தக் கம்பி வழியாக என்னைப் பார்த்தார். முகத்தில் விளையாட்டு இல்லை.

"கோமதி, பதினோரு வருஷமா எங்கிட்ட வேலை பாக்கறே. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. இப்ப என்னம்மா ஆச்சு? ஆடிட்டுக்கு இவ்வளவு அலம்பல் யாரும் பண்ண மாட்டாங்க. நேரா சொல்லு."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'தங்கலை' என்ற அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

"இப்ப சொல்ல முடியாது சார். இன்னும் பத்தொன்பது நாள் கழிச்சு சொல்றேன்."

"அது என்ன பத்தொன்பது நாள்?" விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். "பொங்கலே போயிடுமே. அப்படி என்ன பத்தொன்பது நா..."

எண்ணிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. சென்னையில் கட்டிக்கொடுத்த மகள் வழியில் இரண்டு பேரக்குழந்தைகளைக் கண்ட தாத்தா அவர். அவருக்கு மேற்கொண்டு எதுவும் தேவைப்படவில்லை.

சிகரெட் பிடித்த கை முதுகுக்குப் பின்னால் போனது. வாத்தியாரைக் கண்ட பள்ளிக்கூடப் பையன் மாதிரி, அப்படியே பின்பக்கமாக நடந்தார். சாலையோரம் வரை போய் அதைக் கீழே போட்டு, செருப்பால் தேய்த்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"நீ ஒண்ணும் சொல்லல," என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நான் ஒண்ணும் கேக்கல."

பிறகு பட்டறைப் பக்கம் திரும்பி ஒரு சத்தம் போட்டார். "காதரு! மேஜையைத் தூக்கி உள்ள போடுய்யா. ரூம்ல எல்லா ஜன்னலையும் தொறந்து விடு. ஸ்கிரீன் துணியெல்லாம் கழட்டித் துவைக்கப் போடு. அந்தச் சாம்பல் கிண்ணத்தைத் தூக்கி எடைக்குப் போடு. இனிமே எவன் கேட்டுக்கு உள்ள பத்த வச்சாலும் வேலை கிடையாது. எனக்கும் சேத்துத்தான்!"

காதர் பாய் மலைத்துப்போய் நின்றார். "என்ன முதலாளி, திடீர்னு?"

"ஆடிட்டு வருதுய்யா!"

அன்று முதல் முதலாளிக்கு சிகரெட் தேவைப்பட்டால் எழுந்து, வராந்தா இறங்கி, முற்றம் கடந்து, கேட்டைத் திறந்துகொண்டு ரோட்டுக்குப் போவார். அவரே போகும்போது காதர் பாய் என்ன செய்வார்? அவரும் பின்னாலேயே போவார். முதலாளியும் மேஸ்திரியும் ரோட்டில் நின்று புகைவிடுவதைப் பார்த்து, கம்பெனியில் ஸ்டிரைக்கா என்று பக்கத்துப் பட்டறைக்காரர் விசாரித்துவிட்டுப் போனாராம்.

ஆடிட்டுக்காரர் வந்தார். பலகையைப் படித்தார். மூக்கை உறிஞ்சி அறையை மோந்து பார்த்தார். பலகை தவறு, நடைமுறை சரி என்று எழுதிக்கொடுத்தார்.

ராப்பத்து முடிந்து சேஷாத்ரி மாமா தூரிகையோடு வந்தபோது, முதலாளி அந்தப் பலகையில் கை வைக்க விடவில்லை. "அது கிடக்கட்டும் சாமி. பக்கத்துல சரியா இன்னொண்ணு எழுதுங்க" என்று சொல்லிவிட்டார். மாமா இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

கேட்டுக்கு வெளியே ஒருவர்

பத்தொன்பது நாளும் கழிந்தது. இருபதாம் நாள் லால்குடிக்கு போன் போட்டேன். அம்மா போனிலேயே அழுதாள். முதலாளியிடமும் முறைப்படி போய்ச் சொன்னேன். "அப்படியாம்மா! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று அவர் ஆச்சரியப்பட்ட நடிப்பு சகிக்கவில்லை.

ஏழாம் மாதம், நல்ல கத்திரி வெயில். பட்டறை ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஆபீஸிலேயே எனக்கு வளையல் போட்டார்கள். காதர் பாயின் வீட்டம்மா பிரியாணி கொண்டுவந்தார். சேஷாத்ரி மாமா வீட்டிலிருந்து புளியோதரை. கை நிறைய வளையலோடு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, எல்லோரும் சுற்றி நின்றார்கள். உட்காரவைத்தது சரியாக அந்தப் பலகைக்குக் கீழே.

காதர் பாய் போனை உயர்த்திவிட்டுத் தயங்கினார். "கோமதிம்மா, போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. புகார் வாங்கறவங்களும் நீங்கதான்."

"இன்னிக்கு ஒரு நாள் எடுங்க பாய். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தப் படம் இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. என் மகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது. போன வாரம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "புகைப்படம் பிடிக்கக் கூடாது" என்று சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "அப்புறம் ஏம்மா பிடிச்சீங்க?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இது யாரும்மா? எல்லாரும் உள்ள இருக்காங்க, இவர் மட்டும் வெயில்ல நிக்கறாரு."

அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். எனக்குப் பின்னால் திறந்திருந்த ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் முற்றம், முற்றத்துக்கு அப்பால் கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம், அரியமங்கலத்துக் கத்திரி வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ராஜமாணிக்கம் சார். இத்தனைக்கும் சொந்தக்காரர், தன் இடத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். அவர் தலைக்கு மேலே மெல்லிசாக, ரோட்டுப் பக்கமாகப் போகிற ஒரு கோடு.

அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. பயமே இல்லை, அதனால் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, மேல ஏதோ கோடு மாதிரி இருக்கே, அது என்ன?"

"புகைடி கண்ணு," என்றேன். "உனக்காகத்தான் அங்க நிக்குது."